செகண்ட் மாஷ் நின்ற பக்கம்

போன வாரம் திவ்யா டீச்சர் போன் செய்தார். நான் ஓய்வு பெற்றதும் தமிழ்த் துறையில் என் நாற்காலிக்கு வந்தவர். நாற்காலியோடு சேர்த்து, யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லாத இன்னொரு பொறுப்பும் இப்போது அவர் தலையில் விழுந்திருக்கிறது. கல்லூரிக் கால்பந்து அணியின் மேனேஜர்.

"சார், நான் பந்தைக் கையில கூடத் தொட்டதில்லீங்க."

"கையில தொடக் கூடாதும்மா. இது வரைக்கும் சரியாத்தான் இருக்கீங்க."

"வெளையாடாதீங்க சார். மேனேஜர்னா என்ன பண்ணோணும்? யாரைக் கேட்டாலும் சிரிச்சுட்டே போறாங்க. அப்புறம் இன்னொண்ணுங்க. நம்ம காலேஜ் கப்பு ஜெயிச்ச வருசத்துப் போட்டோ ஆபீஸ்ல மாட்டியிருக்குதே, அதுல பிரபாகரன் மாஷ் செவப்பு ஜெர்சிக்காரங்க கூட நிக்கறாரு. நம்ம டீமு பச்சையாச்சே! அவரு அப்ப அந்தக் காலேஜுக்கா கோச்சா இருந்தாரு?"

மேனேஜரின் கடமைகளை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டேன். போட்டோ விஷயம் போனில் அடங்காது என்றேன். "அப்படின்னா ஆண்டு மலருக்கு எழுதிக் குடுத்துருங்க சார், பக்கம் காலியாத்தான் கெடக்குது" என்றார். காலிப் பக்கத்தை நிரப்புவது எப்படி என்று எனக்கு நன்றாகத் தெரியும். பணிக்காலம் முழுவதும் அந்த வித்தையில் தேர்ந்தவர்களின் விடைத்தாள்களைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன்.

என் தகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீட்டிச் சொல்ல அவற்றில் இடமில்லை. எம்.ஏ. தமிழ். பிறகு பழந்தமிழ்ப் போர்ப் பாடல்களைப் பற்றி முனைவர் பட்டம். யானை எப்போது மிரளும், வேல் எந்தக் கோணத்தில் மார்பில் இறங்கும் என்று விரிவாக எழுதியிருந்தேன். நேரில் பார்த்த சண்டை, பேருந்தில் ஜன்னலோர இருக்கைக்கு நடப்பது ஒன்றுதான். வேலை கிடைத்தது கேரளத்துச் சித்தூர்ப் பக்கம், எல்லையோரக் கல்லூரி ஒன்றில். சேர்ந்த சில வருடங்களில் உடற்கல்வித் துறைத் தலைவர் பிரபாகரன் மாஷ் என் அறைக்கு வந்தார். மாஷ் என்றால் இங்கே வாத்தியார். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். அது சரியாமல் நிற்கிறதா என்று சற்று நேரம் பார்த்தார். பிறகுதான் பேசினார்.

"சாரே, டீமில் எல்லா குட்டிகளும் தமிழாணு. எனக்குத் தமிழ் வரும். தேஷ்யம் வந்நால் மாத்ரம் வராது."

குட்டிகள் என்றால் பிள்ளைகள், தேஷ்யம் என்றால் கோபம். கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் வராது. ஆகவே அந்தச் சமயத்தில் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும். அப்படித்தான் நான் மேனேஜர் ஆனேன். அவர் ஓய்வு பெறும் நாள் வரை ஒரு முறைகூடக் கோபப்படவில்லை என்பது வேறு விஷயம். வராத கோபத்துக்கு மொழிபெயர்ப்பாளனாக இத்தனை வருடம் இருந்தவன் கேரளத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கோபம் வராவிட்டாலும் வேலை இருந்தது. அணியில் பாதிப் பேர் பெருமாட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்பு வீடுகளின் பிள்ளைகள். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுக் கொங்குத் தமிழ் பேசுவார்கள். மீதிப் பாதி இடுக்கி எஸ்டேட்டுகளிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியவர்கள். 'ஏலே' இல்லாமல் பந்தைக்கூடக் கூப்பிடமாட்டார்கள். இடைவேளையில் மாஷ் ஒரு ஆரஞ்சை நிதானமாக உரித்து, சுளை சுளையாக எல்லோருக்கும் கொடுத்துவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். உதாரணமாக, "வலத்து பக்கம் ஆளில்லா." வலது பக்கம் ஆள் இல்லை, அவ்வளவுதான். நான் அதை வாங்கி, வலப்புறப் படை சிதைந்தால் என்ன ஆகும் என்பதில் தொடங்கி, என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் வரை கொண்டுபோய் நிறுத்துவேன். மாஷ் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்தபடி கேட்பார்: "ஞான் இத்ரயும் பறஞ்ஞோ சாரே?" நான் இவ்வளவா சொன்னேன் என்று பொருள். இல்லை மாஷே, கொஞ்சம் உரையும் சேர்த்தேன் என்பேன்.

மேனேஜரின் மற்ற வேலைகள் சொன்னால் சிரிப்பு வரும், செய்தால் வராது. எல்லோருடைய நகத்தையும் பார்க்க வேண்டும். பூட்ஸின் அடிக்குமிழ் உடைந்திருக்கிறதா என்று விரலால் தடவ வேண்டும். மணிக்கட்டில் கோயில் கயிறு கட்டியிருந்தால் ரெஃபரி விடமாட்டார். அவிழ்க்கச் சொன்னால் பையன் விடமாட்டான். கயிற்றின் மேல் பிளாஸ்திரி சுற்றிச் சாமி, ரெஃபரி இருவரையும் சமாதானப்படுத்த வேண்டும். ஐஸ் வாங்க வேண்டும். முதல் வருடம் பக்கத்தில் கிடைக்கிறதே என்று மீன் கடையில் வாங்கிவிட்டேன். தொடையில் அடிபட்டவனுக்கெல்லாம் அதை வைத்து ஒத்தடம் கொடுத்தோம். இரண்டாம் பாதி முழுவதும் எங்கள் ஆட்களை யாரும் நெருங்கிக் காவல் காக்கவில்லை. மத்தி மீன் வாசனை. அன்று மூன்று கோல் போட்டோம். ஆனாலும் அதை ஓர் உத்தியாகத் தொடர மாஷ் சம்மதிக்கவில்லை.

மாஷுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. செகண்ட் மாஷ். பல்கலைக்கழகப் போட்டியில் எங்கள் கல்லூரி பலமுறை இறுதியாட்டம் வரை போயிருக்கிறது. அத்தனை முறையும் தோற்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஆட்டம் முடிந்ததும் மாஷ் குடையை மடக்குவார், எதிரணிக் கோச்சிடம் போய்க் கைகுலுக்குவார், பிறகு சிறப்பு விருந்தினரின் இடப்பக்கத்தில் போய் நிற்பார். தோற்றவர்களுக்கு அந்தப் பக்கம். சின்னக் கோப்பையை வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு லேசாகச் சிரிப்பார். அவர் அறையில் இருந்த பீரோவில் அந்தச் சின்னக் கோப்பைகள் அண்ணன் தம்பிகள் மாதிரி வரிசையாக நின்றன. மேல் தட்டை மட்டும் காலியாக விட்டிருந்தார். பட்டப்பெயர் தனக்குத் தெரியாது என்பது போல நடந்துகொள்வார். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், அதுதான் அவருடைய உண்மையான பெயர் என்று நினைத்து, "குட்மார்னிங் செகண்ட் மாஷ்" என்று பணிவாக வணக்கம் வைத்தான். மாஷும் "குட்மார்னிங்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மதியம் அந்த பீரோவுக்கு முன்னால் அவர் கொஞ்ச நேரம் சும்மா நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் சொல்லப்போவது அவருடைய கடைசி வருடத்தின் கதை. மார்ச்சில் ஓய்வு. அதற்குள் ஜெயித்தால் உண்டு. இல்லையென்றால் அந்தப் பெயரோடுதான் அவர் வீட்டுக்குப் போவார்.

அந்த வருடம் எங்களுக்குக் கதிர்வேல் கிடைத்தான். பெருமாட்டிக்காரன். ஓட ஆரம்பித்தால் எதிரணியினர் அவனுடைய முதுகு எண்ணை மட்டுமே படிக்க முடியும். ஆனால் அவன் ஆட்டம் கற்றது செவன்ஸில். அறுவடை முடிந்த வயலில் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம் அது. அதில் ஆப்சைடு கிடையாது. எதிரணியின் கோலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு பந்து வரும் வரை காத்திருக்கலாம், யாரும் எதுவும் கேட்க முடியாது. பதினோரு பேர் ஆட்டத்தில் அப்படி நின்றால் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிவிடுவார். இந்த உண்மையைக் கதிர்வேலின் தலை ஒப்புக்கொண்டது. கால் ஒப்புக்கொள்ளவில்லை.

இது முழுசாகத் தெரிந்தது கஞ்சிக்கோட்டில். அங்கே ஆலைகளில் வேலை செய்யும் வடக்கத்தி இளைஞர்கள் ஓர் அணி வைத்திருந்தார்கள். சீசன் தொடங்கும் முன் அவர்களோடு ஒரு பயிற்சி ஆட்டம். ஷிப்ட் முடிந்து நேராக மைதானத்துக்கு வந்தவர்கள் எங்களை ஐந்து கோலில் நிதானமாக அடித்தார்கள். கதிர்வேல் மொத்த ஆட்டத்தையும் அவர்களுடைய கோல்கீப்பர் பக்கத்தில் நின்றே கழித்தான். ஒவ்வொரு முறை பந்து வந்தபோதும் கொடி ஏறியது. ஆட்டம் முடிந்து பார்த்தால் அந்தக் கீப்பரும் அவனும் போன் நம்பர் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா கதிர்வேலு, அங்க போய்க் குடித்தனம் பண்ணிட்டிருக்கே?" என்றேன்.

"ஏனுங்க சார், அவத்தால தானுங்க கோலு இருக்குது? நான் இவத்தால நின்னு என்னுங்க பண்றது?"

அணித் தலைவன் முனியாண்டிக்குப் பொறுக்கவில்லை. மூணாறுக்கு மேலே ஓர் எஸ்டேட்டைச் சேர்ந்தவன், நடுத் தடுப்பாட்டக்காரன். எஸ்டேட் மைதானத்தில் சின்ன வயதிலிருந்தே பதினோரு பேர் ஆட்டம் ஆடி வளர்ந்தவன்.

"சார், இவன வச்சுக்கிட்டு ஒண்ணும் ஆவாது சார். நாங்க பின்னால உசுரக் குடுத்துப் பந்த எடுத்துக் குடுக்கோம். இவன் அங்கன விருந்தாளி மாதிரி நிக்கான். டீய மட்டுந்தான் சார் இன்னும் குடுக்கல அவனுக்கு."

"கீப்பரு குடுக்கறன்னு தானுங்க சொன்னாரு" என்றான் கதிர்வேல்.

நான் முயன்று பார்த்தேன். என் மேசையில் சாக்பீஸ் துண்டுகளைப் பரப்பி ஆப்சைடை விளக்கினேன். வாய்க்கால் தண்ணீரை உதாரணம் காட்டினேன்: பந்துதான் தண்ணீர், கடைசி வயல்காரனைத் தாண்டி நீ முன்னாலேயே போய் மடை திறந்து நிற்கக் கூடாது. கதிர்வேல் கவனமாகக் கேட்டுவிட்டு, அவர்கள் தோப்பில் சொட்டுநீர் போட்டுப் பல வருடம் ஆகிவிட்டது, மடையெல்லாம் இப்போது யாருங்க திறக்கிறார்கள் என்றான். கிராமத்தைப் பற்றி என்னுடைய அறிவு புதுப்பிக்கப்படாமல் கிடந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மாஷ் ஒன்றும் விளக்கவில்லை. மறுநாள் காலையில் கதிர்வேலைக் கூப்பிட்டு, "எடா, நீ இனி பேக்" என்றார். பேக் என்றால் தடுப்பாட்டம். பறக்கிறவனைக் கொண்டுபோய்ப் பின்னால் முனியாண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்.

முனியாண்டியின் தடுப்பு வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கும்போது ஆளுக்கு ஒரு நிரை பிடிப்பார்கள். எல்லோரும் ஒன்றாக முன்னேற வேண்டும்; ஒருத்தி மட்டும் விறுவிறுவென்று போய்விட்டால் மேஸ்திரி மற்றவர்களை முறைப்பார். செடியின் தலை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நீளக் கம்பைக் குறுக்கே போட்டுக்கொள்வார்கள். முனியாண்டி தன் அம்மாவின் அந்தக் கம்பைப் பயிற்சிக்குக் கொண்டுவந்துவிட்டான். அது நான்கு பேருக்குப் போதவில்லை என்று அதைவிட நீளமாக ஒரு மூங்கிலும் வெட்டிவந்தான். தடுப்பாட்டக்காரர்கள் நான்கு பேரும் அந்த மூங்கிலை வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் மேலும் கீழும் நடப்பார்கள். முனியாண்டி "ஏறு" என்றால் நாலு பேரும் முன்னால் ஏறி, ஒரே சமயத்தில் வலது கையைத் தூக்கி லைன்ஸ்மேனைப் பார்த்து "ஆப்சைடு!" என்று கத்த வேண்டும். எதிராளி ஒருத்தன் பின்னால் தனியாக மாட்டிக்கொள்வான். இந்த மூங்கில் ஊர்வலத்தைச் சாலையிலிருந்து பார்த்தவர்கள், காலேஜில் பந்தல் போடுகிறார்கள், யாருக்குக் கல்யாணம் என்று வாட்ச்மேனிடம் விசாரித்தார்களாம்.

அந்த மூங்கிலின் ஒரு முனையில் கதிர்வேலைக் கட்டினோம். கட்டினோம் என்பது உண்மையாகவே. முதல் இரண்டு நாள் அவன் மூங்கிலை விட்டுவிட்டு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் முனியாண்டி துண்டால் அவன் இடது கையை மூங்கிலோடு சேர்த்துக் கட்டிவிட்டான்.

"மாட்டக் கட்டற மாதிரி கட்டறானுங்க சார்!"

"மாடுன்னா ஒரு நாள்ல படிஞ்சிரும்லே" என்றான் முனியாண்டி. "நெரைய விட்டு ஒரு அடி முன்னால போனா, எங்கம்மாவுக்குப் பக்கத்து நெரைல நிக்க அக்கா கம்பாலயே தட்டும். ஒனக்கு வெறுங்கட்டுதான். நன்றி சொல்லு."

இன்னொரு பயிற்சி மாஷுடையது. அவருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு: விசில் கேட்டால் நில், கேட்காவிட்டால் நிற்காதே. பயிற்சி ஆட்டத்தின் நடுவில் திடீரென்று கையைத் தூக்குவார். குடையைக் கீழே போடுவார். ஒருமுறை "ஐயோ பாம்பு!" என்றுகூடக் கத்தினார். எவன் நின்றானோ அவன் மைதானத்தைச் சுற்றி ஒரு முழு ஓட்டம் ஓட வேண்டும். பாம்புக்கு நின்றது, வெளியே போன பந்தை எடுக்க ஓடிய நான் மட்டும்தான். மேனேஜருக்கும் விதி ஒன்றுதான் என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி முடித்தேன். அந்த ஓட்டத்தின் வீடியோ இன்னும் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் பொங்கலுக்குப் பொங்கல் வந்துவிடுகிறது.

சில வாரங்கள் கழித்து, போட்டிகள் தொடங்கும் நேரத்தில், மாஷ் கதிர்வேலை அவிழ்த்து முன்னால் அனுப்பினார். அவன் குணமாகியிருந்தான். தேவைக்கு மேலேயே குணமாகியிருந்தான் என்பது போகப்போகத்தான் தெரிந்தது. தடுப்பாட்டக்காரனாக இருந்து இருந்து, ஆப்சைடு வாடை அடித்தாலே அவனுடைய வலது கை தானாக மேலே போய்விடும். தான்தான் தாக்கும் ஆள் என்பது கைக்குத் தெரியாது. அரையிறுதியில் ஒரு முறை எங்கள் அணியின் இன்னொரு பையனுக்கு எதிராகவே கையைத் தூக்கி அப்பீல் செய்தான். லைன்ஸ்மேன் நன்றி சொல்லிக் கொடியை உயர்த்தினார்.

"மாஷே, இது முன்னதைவிட மோசம்" என்றேன்.

மாஷ் யோசித்தார். "கை தூக்கிக்கோட்டே. கால் நில்க்காதிருந்நால் மதி" என்றார். கை எப்படியாவது போகட்டும், கால் நிற்காமல் இருந்தால் போதும். அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் நான் உரை எழுதவில்லை. எனக்கே விளங்கவில்லை என்பதுதான் காரணம்.

இறுதியாட்டம் ஒரு நகரத்துக் கல்லூரியோடு. சிவப்பு ஜெர்சி. அவர்களுக்கு ஃபிசியோ உண்டு, குளிர்பெட்டி உண்டு, மூங்கில் மட்டும் இல்லை. எங்கள் பக்கம் காந்தலூர்க் கோல்கீப்பர் வீட்டிலிருந்து வந்த ஒரு மூட்டை கேரட், மாஷின் ஆரஞ்சு, நான். எங்கள் முதல்வரும் வந்திருந்தார். தோற்றால் பேச வேண்டிய உரையைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ஜெயித்தால் பேச ஏதாவது வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். "அதினு பிராக்டீஸ் இல்லல்லோ" என்றார். அதற்குப் பழக்கம் இல்லையாம்.

முதல் பாதியில் கோல் இல்லை. முனியாண்டியின் நிரை, மூங்கில் இல்லாமலே மூங்கில் பிடித்த மாதிரி ஏறி இறங்கியது. சிவப்புக்காரர்கள் திரும்பத் திரும்ப மாட்டினார்கள். இடைவேளையில் மாஷ் ஆரஞ்சை உரித்தார். ஒரு சுளை கீழே விழுந்தது. அன்று அவர் எதுவுமே சொல்லவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாததால் நானும் சும்மா இருந்தேன். என் பணிக்காலத்தின் மிகச் சிறந்த உரை அதுதான் என்று பின்னால் பையன்கள் சொன்னார்கள்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. முனியாண்டி பின்னாலிருந்து ஒரு நீளப் பந்து அடித்தான். கதிர்வேல் சரியான நேரத்தில்தான் கிளம்பினான். சிவப்புத் தடுப்பாட்டக்காரன் ஒருவனுடைய கால் அவனைவிடக் கோலுக்குப் பக்கத்தில் இருந்தது. பந்து கதிர்வேலைத் தாண்டி முன்னால் விழுந்தது. முன்னால் கோல்கீப்பர் தவிர யாரும் இல்லை. இப்படி ஒரு வெட்டவெளியில் நின்றால் பழைய நாளில் கொடி ஏறும் என்று அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஓடிக்கொண்டே வலது கையை உயரத் தூக்கி, லைன்ஸ்மேனைப் பார்த்து, தொண்டை கிழிய, "ஆப்சைடு!" என்று கத்தினான்.

தனக்கு எதிராகத் தானே.

சிவப்புக்காரர்கள் நின்றுவிட்டார்கள். ஸ்ட்ரைக்கரே ஒப்புக்கொண்ட பிறகு ஓடுவானேன்? இரண்டு பேர் அவனுக்குத் துணையாகக் கையைத் தூக்கினார்கள். கீப்பர் குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டார். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கவில்லை. ரெஃபரி விசிலைக் கடித்துக்கொண்டு ஓடிவந்துகொண்டிருந்தார், ஊதவில்லை.

"கொடி ஏறலலே! போலே! போய்க்கிட்டே இருலே!" என்று முனியாண்டி மைதானத்தின் மறுகோடியிலிருந்து அலறினான்.

அவன் அலறியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. கதிர்வேலின் கை முனியாண்டியிடம் படித்தது, கால் மாஷிடம் படித்தது. விசில் கேட்காததால் கால் நிற்கவே இல்லை. கையைத் தூக்கியபடியே ஓடினான். தூக்கிய கை இறங்காமலே பந்தைக் கோலுக்குள் தட்டினான். அதற்குப் பிறகும் திரும்பி லைன்ஸ்மேனைப் பார்த்து, கையை இறக்காமல், "ஆப்சைடு தானுங்களே?" என்று கேட்டான்.

ரெஃபரி மைதானத்தின் நடுவைக் காட்டினார். கோல்.

அடுத்த ஐந்து நிமிடம் நடந்ததை நாகரிகமாகச் சொல்வதென்றால், கருத்துப் பரிமாற்றம். சிவப்பு அணியின் மேனேஜர் எங்களிடம் ஓடிவந்து, "ஏமாத்து வேலை! உங்க பையன் கையைத் தூக்கி எங்க பசங்களை நிப்பாட்டிட்டான்!" என்றார்.

"சார், அவன் நேர்மையானவன். தப்புன்னு நெனச்சதை உடனே ஒத்துக்கிட்டான்" என்றேன்.

"ஒத்துக்கிட்டவன் எதுக்குய்யா கோல் போட்டான்?"

இதற்குப் பதில் மாஷிடம் இருந்தது. அவர் அந்த மேனேஜரின் தோளில் கை வைத்து மிக மென்மையாகக் கேட்டார்: "விசில் கேட்டோ?" விசில் கேட்டதா? ரெஃபரியும் அதையேதான் சொன்னார்: நான் ஊதினேனா? கதிர்வேல் வேண்டுமென்று ஏமாற்றியிருப்பானோ என்று சந்தேகப்பட்டவர்கள் அவன் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு அந்தச் சந்தேகத்தைக் கைவிட்டார்கள். அவ்வளவு குழப்பத்தை நடித்துக் காட்ட ஆளே கிடையாது.

ஒரு கோல். அதுவே போதுமாயிருந்தது. கடைசி விசில் கேட்டபோது முனியாண்டி போய்க் கதிர்வேலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "இப்பவாவது கைய எறக்குலே" என்றான். "எறங்க மாட்டீங்குதுடா" என்றான் கதிர்வேல்.

அதற்குப் பிறகுதான் போட்டோ.

மேடைக்கு முன்னால் சிறப்பு விருந்தினர் நின்றார். அவருக்கு வலப்பக்கம் பச்சை, ஆடிப் பாடிக்கொண்டு. இடப்பக்கம் சிவப்பு, மூக்கைச் சிந்திக்கொண்டு. மாஷ் குடையை மடக்கினார். எதிரணிக் கோச்சிடம் போய்க் கைகுலுக்கினார். பிறகு, இத்தனை வருடமாகப் போன வழியிலேயே, நிதானமாக நடந்துபோய் இடப்பக்கம் நின்றார். கழுத்தை நேராக்கிக்கொண்டு லேசாகச் சிரித்தார். நான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன், "மாஷே! அவிட அல்ல! இங்ஙோட்டு!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். போட்டோக்காரருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. படத்தை எடுத்துவிட்டுப் போய்விட்டார். படத்தின் ஓரத்தில், எந்த அணியையும் சேராத ஒரு கையும் பாதி ஐஸ் பெட்டியும் தெரிகிறதே, அது நான்.

படம் வந்ததும் முதல்வர் பதறினார். கம்ப்யூட்டரில் மாஷை வெட்டி எடுத்து இந்தப் பக்கம் ஒட்டிவிடலாம் என்றார். மாஷ் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். சிவப்பு ஜெர்சிப் பையன்கள் அவரைச் சுற்றிக் கலங்கிய முகத்தோடு நிற்க, நடுவில் அவர் மட்டும் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வேண்டா" என்றார். "அவர் கரயுகயல்லே? ஆரெங்கிலும் கூடே வேண்டே?"

அவர்கள் அழுகிறார்கள் இல்லையா, யாராவது கூட நிற்க வேண்டாமா? இதைக் கேட்டு முதல்வருக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியிருக்கும். ஆனால் அன்று அவர் நடந்துபோனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். கால் முதலில் போய் நின்றுவிட்டது. காரணம் பிறகு ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தது என்றே இன்றுவரை நினைக்கிறேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்துவிடுவார்.

மேல் தட்டில் பெரிய கோப்பையை அவரே தூக்கி வைத்தார். மார்ச்சில் ஓய்வு பெற்றார். பட்டப்பெயர் போகவில்லை. பிரிவுபசார விழாவில் மாணவர் தலைவன் உணர்ச்சிவசப்பட்டு, "நம்ம செகண்ட் மாஷ் ஃபர்ஸ்ட் வாங்கிக் குடுத்தாரு" என்று மைக்கில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மாஷ் எழுந்து எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். அதுவரை தெரியாதது போலவே இருந்தவர், அன்று முதல் முறையாக அந்தப் பெயருக்குச் சிரித்தார்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் திவ்யா டீச்சரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நம் அணி அரையிறுதியில் ஜெயித்துவிட்டது. அடுத்த ஆட்டத்தைப் பார்க்கப் பிரபாகரன் மாஷ் வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். "நான் என்னென்ன ரெடி பண்ணி வெக்கோணுங்க சார்?" என்று கேட்டிருந்தார்.

பதில் எழுதினேன்: ஐஸை மீன் கடையில் வாங்காதீர்கள். யாராவது பாம்பு என்று கத்தினால் நிற்காதீர்கள். ஜெயித்தால், போட்டோ எடுப்பதற்கு முன் மாஷின் கையைப் பிடித்து வலப்பக்கம் இழுத்துவந்து, கிளிக் சத்தம் கேட்கும் வரை விடாதீர்கள். தோற்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். அவருக்கே வழி தெரியும்.